கோடை மாலைகளில் கட்டணமில்லாத் திறந்தவெளிக் கலை நிகழ்ச்சிகள் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரும், கீழே கையெழுத்திட்டுள்ள பெற்றோரும்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம்,
திருநெல்வேலி.

பொருள்: மே மாதச் சனிக்கிழமை மாலைகளில் வ.உ.சி. மைதானத்தில் இசை, கிராமியக் கலை நிகழ்ச்சிகள் நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் பகலெல்லாம் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பொழுது சாய்ந்து வ.உ.சி. மைதானத்துக்கு வந்தால்தான் அவர்களுக்கு மூச்சு வருகிறது. எங்களைப் போன்ற முதியவர்களும் அங்கேதான் கூடுகிறோம். அந்தக் கூட்டத்தின் நடுவே நம் மாவட்டத்துக் கலைஞர்களுக்கு ஒரு மேடை அமைத்துத் தர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சென்ற கோடையில் என் பேத்தியை எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். கணியான் கூத்து தொடங்குமுன் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மகுடம் என்கிற பறையின் தோலை அனலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். "எதற்கு ஆச்சி சுடுகிறார்கள்?" என்று கேட்டாள். அது காதில் விழுந்த அண்ணாவி (கூத்தின் தலைமைப் பாடகர்), அனலில் காட்டாத மகுடத்தை முதலில் அவள் கையாலேயே தட்டச் சொன்னார். பிறகு காட்டியதைத் தட்டச் சொன்னார். மொத்தென்று விழுந்த ஒலி கணீரென்று எழுந்ததும் அவள் கையை எடுக்கவே மனமில்லாமல் நின்றாள். ஆனால் கூத்து களைகட்டியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பிள்ளை என் மடியில் உறங்கிவிட்டது. நகரத்திலேயே பிறந்து வளரும் பல பிள்ளைகளுக்கு இந்த அளவுகூட வாய்ப்பதில்லை. சொந்த ஊர்த் தொடர்பு விட்டுப்போன வீடுகளில் கொடை என்பது தூரத்தில் கேட்கும் ஒலிபெருக்கிச் சத்தம் மட்டுமே.

உதகையிலும் கொடைக்கானலிலும் மே மாதத்தில் அரசு கோடை விழா நடத்துகிறது. குற்றாலத்துச் சாரல் விழா, 2019இல் தென்காசி தனி மாவட்டமானதும் எங்கள் கையை விட்டுப் போயிற்று. அவை சுற்றுலா வருவோரை எதிர்பார்த்து நடப்பவை. நாங்கள் கேட்பது ஊரிலேயே இருப்பவர்களுக்கு. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காவிலும் கடற்கரையிலும் கிராமியக் கலைகளைக் கொண்டுவந்து நிறுத்தியதே, அதுபோல.

சனிக்கிழமையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சித்திரையும் வைகாசியும் கலைஞர்கள் நாலு காசு பார்க்கும் காலம். கொடைகள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் வருகின்றன. அந்தப் பிழைப்புக்கு இடையூறு நேரக் கூடாது. மாலை 6.30 முதல் 9 மணி வரை போதும். ஒரு வாரம் வில்லுப்பாட்டு, ஒரு வாரம் கணியான் கூத்து, பிறகு நையாண்டி மேளமும் கரகாட்டமும் என்று வைத்துக்கொள்ளலாம். அரசு இசைப் பள்ளி மாணவர்கள் நாகசுரமும் தவிலும் தேவாரமும் பயில்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் முதல் அரை மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பார்ப்பவருக்கு இலவசம் என்பதால் ஆடுபவரும் பாடுபவரும் இலவசமாக வர வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. பொன்னாடை போர்த்திச் சான்றிதழோடு அனுப்பிவிடுவதைப் பல மேடைகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வில்லடிக்கும் புலவர், குடம் அடிப்பவர், உடுக்கைக்காரர், தாளம் போடுபவர் என்று ஒரு குழுவே வேன் பிடித்து வர வேண்டும். வாடகையும் சாப்பாடும் போகக் கையில் நிற்கும்படியான சன்மானத்தை அன்று இரவே தந்தனுப்ப, மாவட்டக் கலை மன்றத்தின் தலைவரான தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் வேண்டாம். குடத்தின் அடியும் உடுக்கையின் குழைவும் அவற்றில் நசுங்கிப்போகின்றன. முன்வரிசையில் பிரமுகர்களுக்கு சோபா போடாமல், நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டால் போதும். மற்றவர்கள் தரையில் உட்கார ஜமுக்காளம் விரிப்பதும், குடிநீர் வைப்பதும், முடிந்ததும் மைதானத்தைக் கூட்டிக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. கழிப்பறை வசதியும், 9 மணிக்குப் பிறகு டவுனுக்கும் மேலப்பாளையத்துக்கும் பஸ்ஸும் இருந்தால் பெண்கள் பயமின்றி வருவார்கள்.

மாதம் முழுவதற்கும் நிதி ஒதுக்க இயலாவிட்டால், முதல் சனிக்கிழமைக்கு மட்டுமாவது அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாளையங்கோட்டைப் பெற்றோரும் முதியோரும்.