ஸ்டூல் இருக்கிறது, உட்கார விடுவதில்லை: தொழிலாளர் ஆணையருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தி. நகர் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் விற்பனைப் பெண்கள் 7 பேர்
(பெயர், முகவரி, கையெழுத்து தனி உறையில் வைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை,
சென்னை – 600 006.

பொருள்: கடைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமை – தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 22-ஏ – நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது 43. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 14 வருஷமாக வேலை செய்கிறேன். எங்கள் 7 பேருக்கும் சேர்த்து இந்த மனுவை எழுதுகிறேன். எங்களில் 4 பேர் ஒரே கடை, மற்ற 3 பேர் பக்கத்துத் தெருக்களில் வேறு வேறு கடைகள். எந்தக் கடையின் பெயரையும் இதில் எழுதவில்லை. ஒரு கடையில் மட்டும் நடவடிக்கை எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். அதை மறைப்பதற்கில்லை.

2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. கடைகளில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதுவே 22-ஏ பிரிவாகச் சட்டத்தில் சேர்ந்தது. செய்தியைப் படித்த அன்று இரவு ரயிலில் நாங்கள் வேறு எதையும் பேசவில்லை. கேரளத்தில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களும், தையல் தொழிலாளி விஜியும், அவர்களுடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது அது. நமக்கு யாரும் தெருவில் இறங்காமலேயே கிடைத்துவிட்டது என்று அன்று சந்தோஷப்பட்டோம்.

ஸ்டூலும் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பிரிவில் 12 பேருக்கு 3 நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். கொண்டுவந்து போட்ட அன்று எங்களை அதில் உட்காரச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அவை மேல் தட்டுக்கு ஏறும் ஏணி ஆகிவிட்டன என்றே சொல்லலாம். உயரத்தில் அடுக்கியிருக்கும் பட்டுச்சேலைப் பெட்டியை எடுக்க அதன்மேல்தான் ஏறி நிற்கிறோம். இப்போது அந்த ஸ்டூல்களைப் பார்த்தால், உட்காரும் இடத்தில் பாதச் சுவடு படிந்திருக்கும். குதிகால், ஐந்து விரல் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஸ்டூல்களை எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறார். ஒருமுறை அதன் மேற்புறத்தைப் பார்த்தாரானால் எங்களிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடிக்கு மாடி கேமரா இருக்கிறது. கீழே ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது உட்கார்ந்தால் மைக்கில் குரல் வரும்: “நாலாவது ஃப்ளோர் சில்க், யாரும்மா அது உட்கார்ந்திருக்கறது?” கஸ்டமர் உட்பட மாடியில் இருக்கிற எல்லோருக்கும் அது கேட்கும். இரண்டு தடவை அப்படிக் கேட்டால் அந்த மாத இன்சென்டிவ் குறையும். சம்பளத்தைவிட எங்களுக்கு உறைப்பது அந்த மைக்தான். 43 வயதில், என் மகள் வயதுப் பெண்கள் பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் நாங்கள் கேட்பது கூட்ட நேரத்தில் உட்காருவதை இல்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய 2 வாரத்திலும் உட்காரலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வராது. கஸ்டமர் வந்தால் எழுந்து நிற்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் சொல்வது செவ்வாய், புதன் மதியம் 2 மணி முதல் 4 மணி வரை. மாடியில் ஒரு ஈ காக்கை இருக்காது. அப்போதும் நிற்க வேண்டும், அதுவும் சும்மா நிற்கக் கூடாது. அதனால் மடித்து வைத்த சேலையையே பிரித்து, உதறி, மறுபடி மடித்து, அதே இடத்தில் வைப்போம். 2 மணி நேரத்தில் ஒரே அடுக்கை நான்கு தடவை மடித்திருக்கிறேன். சட்டம் சொல்லும் ‘வாய்ப்பு’ இந்த நேரம் இல்லை என்றால் வேறு எந்த நேரம் என்று எனக்குப் புரியவில்லை.

வாங்க வருகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று சூப்பர்வைசர்கள் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பெல்லாம் ஜவுளிக்கடை என்றால் வெள்ளைத் துணி விரித்த மெத்தைதான். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சேலை பிரிப்பார்கள். அதில் யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை. போன மாதம் கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு பாட்டி, “நீயும் உட்காரும்மா, உன்னை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது” என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கேமராவைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைம்மா” என்றேன்.

நேரக் கணக்கு இது. காலை 9.30-க்கு உள்ளே போகிறோம். இரவு 9.15-க்கு வெளியே வருகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு 30 நிமிஷம், சாயங்காலம் டீக்கு 10 நிமிஷம். ஆக, காலில் நிற்பது 11 மணி நேரத்துக்கு மேல். இதே 1947 சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. ஓவர்டைம் பணம், விடுப்புக் கணக்கு பற்றித் தனியாக ஒரு மனு தருவோம். இங்கே கால் வலியை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் 7 பேரில் 3 பேருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுகொண்டிருக்கிறது. ஒருவருக்கு அது நீலக் கயிறு மாதிரிப் புடைத்துவிட்டது. டாக்டர் அவரிடம், அரை மணிக்கு ஒருமுறை உட்காருங்கள், காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து கடையில் காட்டினார். சீட்டு வாங்கி வைக்கப்பட்டது, ஸ்டூல் கொடுக்கப்படவில்லை. இரவு 9.30-க்கு மேல் மாம்பலம் ஸ்டேஷனுக்கு வந்து பாருங்கள் ஐயா. பெஞ்சில் இடம் கிடைக்காத பெண்கள் பிளாட்பாரத் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகவும் சுற்றிலும் வீக்கமாகவும் இருக்கும். செங்கல்பட்டு வண்டி வந்ததும் வீங்கிய காலை மறுபடி செருப்புக்குள் திணிக்க முடியாமல், கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நானே அப்படி ஏறியிருக்கிறேன்.

எங்கள் பிரிவில் ஒரு பெண் 8 மாத வயிற்றோடு நின்றாள். பிரசவத்துக்கு முந்தைய கடைசி வாரங்களில், அவள் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்க வைக்கும் வேலை தரக் கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே சொல்லியிருந்தது. அவளுக்கு அது தெரியாது. எங்களுக்கும் அப்போது தெரியாது. முடியாமல் வேலையை விட்டுப் போய்விட்டாள். தெரிந்திருந்தால் அவளை விட்டிருக்க மாட்டேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கழிவறை விஷயத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பெண் பணியாளர்களுக்கான கழிவறை மொட்டை மாடியில் இருக்கிறது. 90 பெண்களுக்கு 2. லிஃப்டில் நாங்கள் ஏறக் கூடாது. நோட்டில் போன நேரம், வந்த நேரம் எழுத வேண்டும், 5 நிமிஷத்துக்கு மேல் ஆனால் கேள்வி. அதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலிலும் காலையில் வீட்டில் குடிப்பதுதான், அப்புறம் மதியம் சோற்றோடு அரை டம்ளர். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் மாடியில் இல்லை. மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஐயா, நான் பி.ஏ. வரலாறு படித்தவள். 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் துணை நின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை இந்தச் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடினார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அதே ஊரில் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையோடு வேலை செய்துகொண்டு, உட்காருவதற்காக மனு எழுதுகிறேனே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

இன்று டிசம்பர் 10, மனித உரிமைகள் நாள். 1948-இல் இதே நாளில்தான் ஐ.நா. சபை உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் முதல் பிரிவு முதலில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்ததாம். இந்தியாவின் சார்பில் போயிருந்த ஹன்சா மேத்தா அம்மையார் விடாமல் வாதாடி அதை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தார். 24-ஆவது பிரிவு, ஓய்வு எல்லோருக்கும் உள்ள உரிமை என்கிறது. நம் அரசியலமைப்பின் 42-ஆவது பிரிவு, நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அது வழிகாட்டும் கோட்பாடுதானே, அதை வைத்து வழக்குப் போட முடியாதே என்பார்கள். சரி, இருக்கட்டும். 22-ஏ அப்படி இல்லை. அது சட்டம். அதை அமல்படுத்தும் அதிகாரம் தங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் வேறெங்கும் போகாமல் தங்களிடம் வந்திருக்கிறோம்.

நாங்கள் கேட்பவை இவை. தங்கள் துறையின் ஆய்வு, முன்கூட்டிச் சொல்லாமல், சாதாரண நாட்களில் மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் நடக்க வேண்டும். ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் பணியாளர்களிடம் பேச வேண்டும். பக்கத்தில் அவர் நின்றால் “எல்லா வசதியும் இருக்கு சார்” என்றுதான் நாங்களும் சொல்வோம், போன தடவை அப்படித்தான் சொன்னோம். சட்டத்தில் ‘தகுந்த இருக்கை வசதி’ என்று மட்டும் இருப்பதால் 12 பேருக்கு 3 போதும் என்கிறார்கள். எத்தனை பேருக்கு எத்தனை, முதுகு சாயும்படி இருக்க வேண்டுமா, கவுண்டருக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை வேண்டும். உட்கார்ந்ததற்காக மைக்கில் கூப்பிடுவதும் இன்சென்டிவைக் குறைப்பதும் சட்டத்தை மீறுவதாகும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 22-ஏ பிரிவைத் தமிழில், புகார் சொல்லும் தொலைபேசி எண்ணோடு, பணியாளர்கள் சாப்பிடும் இடத்தில் பலகையாக மாட்டச் சொல்ல வேண்டும். கழிவறைகளையும் அதே ஆய்வில் பார்க்க வேண்டும், படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக விடுதிப் பெண்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து 18, 19 வயதில் வந்து, கடை நடத்தும் விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம்தான் வெளியே போகலாம். போன் இரவில் மட்டும் கையில் கிடைக்கும். இந்த மனுவில் கையெழுத்துப் போட அவர்களில் ஒரு பெண் வந்தாள். பேனாவை வாங்கி, பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினாள். “அக்கா, எங்க ஊர்லேர்ந்து என்கூட வந்தவங்க 5 பேர் இருக்காங்க. எனக்கு ஏதாவதுன்னா அவங்களையும் அனுப்பிருவாங்க” என்று பேனாவைத் திருப்பித் தந்துவிட்டாள். அந்த ஓர் எழுத்து உறைக்குள் இருக்கும் தாளில் 8-ஆவது வரியில் அப்படியே இருக்கிறது, நான் அடிக்கவில்லை. சமூக நலத்துறையின் பெண் அதிகாரி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அந்த விடுதிகளுக்கு ஒருமுறை போய்வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பெயர்கள் கடை நிர்வாகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரில் விசாரிக்க விரும்பினால் எங்களுக்கு வார விடுப்பு மாறி மாறி வருகிறது. உறையில் ஒவ்வொருவருக்கும் நேரே விடுப்பு நாள் எழுதியிருக்கிறோம். அந்த நாளில் கூப்பிட்டால் தேனாம்பேட்டைக்கு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தி. நகர் ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள் 7 பேர்

இடம்: சென்னை
நாள்: 10.12.2025

இணைப்பு: பெயர், கையெழுத்து, விடுப்பு நாள் அடங்கிய ஒட்டிய உறை – 1