ரூம் வெளிய, கட்டடம் அப்படியே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்ல இருக்கற பழைய டெர்மினல், அதான் டிடபிள்யூஏங்கற விமான கம்பெனியோடது, அது பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். அடுத்த வாரமே ஒரு வாசகர், பழைய கட்டடத்த ஹோட்டலாக்கி காசு பாக்கறதுக்குப் பேரு பாதுகாப்பான்னு கோபமா எழுதியிருந்தாரு. கோபம் நியாயம்தான், ஆனா அதே ஏர்போர்ட்ல இன்னும் ரெண்டு டெர்மினல் இருந்துச்சு, அந்தக் கதையையும் கேட்டுட்டு அவரு சொல்லட்டும்.

ஒண்ணு பான் ஆம் விமான கம்பெனியோடது, 1960ல திறந்தது. பெரிய தட்ட கவுத்து வச்ச மாதிரி கூரை, சுவரத் தாண்டி வெளிய ரொம்ப தூரம் நீண்டு நிக்கும், ப்ளேனே அந்தக் கூரைக்குக் கீழ மூக்க நுழைச்சு நிக்கும், மழை பேஞ்சாலும் பாசஞ்சர் நனையாம ஏறிடலாம். பான் ஆம் 1991ல மூடிட்டாங்க, அப்புறம் டெல்டா ஏர்லைன்ஸ் ஓட்டுச்சு, 2013 மே மாசம் அவங்களும் வேற டெர்மினலுக்குப் போயிட்டாங்க. அமெரிக்காவுல அழியற நிலைமைல இருக்கற 11 பாரம்பரிய இடங்கள்னு வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடுவாங்க, 2013 ஜூன்ல அதுலயும் இது வந்துச்சு. என்ன பிரயோஜனம், அதே வருஷம் இடிக்க ஆரம்பிச்சாச்சு, எதுக்குன்னா ப்ளேன் நிறுத்த இடம் வேணுமாம்.

இன்னொண்ணு நேஷனல் ஏர்லைன்ஸுக்காக ஐ.எம்.பெய் வரைஞ்சது, ஆமா பாரிஸ் லூவர் முன்னாடி கண்ணாடி பிரமிட் வச்ச அதே ஆளு. 1970ல திறந்து 2011ல தரைமட்டம்.

டிடபிள்யூஏ கட்டடம் மட்டும் எப்படி தப்பிச்சுது? கம்பெனி உயிரோட இருந்தப்பவே, 1994லயே, நியூயார்க் சிட்டி அத பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு அறிவிச்சிருச்சு, வெளிப்பக்கம் மட்டும் இல்ல, உள்பக்கமும் சேத்து. என்னப் பொறுத்தவரை எல்லாமே இதுலதான் இருக்கு. 2001ல டிடபிள்யூஏவ அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிருச்சு, அந்த வருஷமே டெர்மினலுக்குப் பூட்டு, 2008ல பின்னாடியே ஜெட்ப்ளூவோட புது டெர்மினல் வேற வந்தாச்சு, அப்பவும் கை வைக்க முடியல. 2019 வரைக்கும் கிட்டத்தட்ட 18 வருஷம் ஆள் நடமாட்டம் இல்லாம கிடந்துச்சு. அறிவிப்பு மட்டும் இருந்தா கட்டடம் உயிரோட இருக்காது, அதையும் ஒத்துக்கறேன், ஆனா ஆள் கிடைக்கற வரைக்கும் இடிக்கற மெஷின வாசல்லயே நிறுத்தி வச்சது அதுதான்.

ஹோட்டல் விஷயத்துக்கு வரேன். 512 ரூம்னு படிச்சதும் உள்ளயே தடுப்புப் போட்டு ரூமாக்கிட்டாங்கன்னு அந்த வாசகர் நெனச்சிருப்பாரு போல. அப்படி இல்ல, ரூம் எல்லாம் பக்கத்துல புதுசா கட்டின ரெண்டு ப்ளாக்ல, பழைய கட்டடம் லாபி மாதிரி மொத்தமா திறந்து கிடக்கு. ஒரு தடவ ப்ளேனுக்கு நேரம் இருந்துச்சுன்னு நானே போனேன், ரூம் போடல, சும்மா அந்த செவப்பு கலர் பள்ளமான லவுஞ்ச்ல உக்காந்து அண்ணாந்து பாத்துட்டே இருந்தேன், ஒருத்தரும் எதுக்கு வந்தீங்கன்னு கேக்கல. கூரைன்னா வளைஞ்ச நாலு கான்கிரீட் ஓடு, ஒண்ணோட ஒண்ணு நடுவுல மட்டும் தொட்டுக்குது, இடைவெளில கண்ணாடி, அது வழியா வெயில் விழுது. அவ்ளோ கனத்தையும் நாலே தூண்தான் தாங்குது, அந்தத் தூணும் தரைலேந்து மொளச்சு கூரையா விரிஞ்சிருச்சோன்னு இருக்கு. உள்ள நேர்கோடு தேடினா கிடைக்கறது கஷ்டம். ப்ளேன் நேரம் காட்டற பழைய போர்டுல எழுத்துப் பலகை படபடன்னு மாறற சத்தம் கேட்டுச்சு பாருங்க, அதுக்கே போகலாம்.

வெளிய ஒரு பழைய கான்ஸ்டலேஷன் ப்ளேன நிறுத்தி உள்ள பார் வச்சிருக்காங்க, அது எனக்குப் பிடிக்கல, கொஞ்சம் ஓவர். ஆனா நாளைக்கு வேணாம்னா இழுத்துட்டுப் போயிடலாம், அந்தக் கூரைய ஒடச்சா திரும்ப வருமா?

கடைசியா உங்களுக்கு ஒரு திருத்தம். படத்துக்குக் கீழ "1962ல் கென்னடி விமான நிலையத்தில் ஈரோ சாரினன் முன்னிலையில் திறக்கப்பட்டது"ன்னு போட்டிருந்தீங்க. 1962 மே மாசம் திறந்தப்ப அந்த ஏர்போர்ட்டுக்குப் பேரு ஐடில்வைல்ட், கென்னடி அப்ப பிரசிடெண்டா இருந்தாரு, அவரு பேர வச்சது அவரு செத்ததுக்கு அப்புறம் 1963 டிசம்பர்ல. இந்தக் கட்டடத்த வரைஞ்ச சாரினனும் திறப்பு விழாவுக்கு வந்திருக்க முடியாது, 1961 செப்டம்பர்லயே இறந்துட்டாரு, வயசு 51தான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்