மீண்டு வந்த ஒரு படத்துக்காக நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 1919இல் பெர்லினில் வெளியான ‘ஆண்டெர்ஸ் ஆல்ஸ் டீ ஆண்டெர்ன்’ என்ற மௌனப் படத்தைத் தமிழ் வசன வரிகளோடு திரையிட்டு முடித்துவிட்டோம். தோள் கொடுத்தவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்லவே இந்த மடல். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நம்மில் யார் பெயரையும் எழுதவில்லை.

முதல் நன்றி இன்று நம்மிடையே இல்லாதவர்களுக்கு: இயக்குநர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட், அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதி, மருத்துவராகத் திரையிலும் தோன்றிய மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய ஜெர்மனியின் 175ஆம் சட்டப்பிரிவை நேருக்கு நேர் எதிர்த்தவர்கள் அவர்கள். 1920இல் தணிக்கை திரும்பியதும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் தவிர வேறு யாரும் படத்தைப் பார்க்கக் கூடாது என்றாயிற்று. 1927இல் ஹிர்ஷ்ஃபெல்ட் அதைச் சுருக்கி, தம் வேறொரு படத்துக்குள் சேர்த்தார். 1933இல் நாஜிகள் அவரது ஆய்வு நிறுவனத்தைச் சூறையாடி நூல்களை எரித்தார்கள். முழுப் படம் இன்று எங்கும் இல்லை. அந்தச் சுருக்கம் மட்டும் உக்ரேனிய எழுத்துகளோடு சோவியத் காப்பகத்தில் பிழைத்துக் கிடந்தது. படச்சுருளைக் கெடாமல் காத்த அந்த ஊழியர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என் வணக்கம். இல்லாத காட்சிகளுக்குப் புகைப்படங்களும் விளக்க எழுத்துகளும் சேர்த்துக் கதையைக் கோத்த மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தாருக்கும் நன்றி.

வசன அட்டைகளை வரிக்கு வரி ஜெர்மனோடு ஒப்பிட்டுத் திருத்திய ஆசிரியை அவர்களுக்கு நன்றி. தன்பாலீர்ப்பைப் பற்றி மருத்துவர் பேசும் இடத்தில் ஒரு சொல்கூட யாரையும் இழிவுபடுத்திவிடக் கூடாது என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது எவ்வளவு சரி!

வயலின் வாசித்த தம்பிக்கு என்ன சொல்வது? கான்ராட் ஃபைட் நடித்த படத்தின் நாயகன் பவுல் கோர்னரும் வயலின் கலைஞன்தான். தன் மாணவனோடு நடந்து போனதைக் கண்ட ஒருவன் மிரட்டிப் பணம் பறிக்கிறான். வழக்கில் கோர்னருக்குக் கிடைப்பது ஒரு வாரச் சிறைதான் என்றாலும், அதன் பிறகு அவனை மேடையேற்ற ஆளில்லை. அவன் நஞ்சருந்தும் இடத்தில் நீ வாசிப்பை நிறுத்தினாய். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அரங்கில் பலர் விம்மியது எனக்குக் கேட்டது.

முடிவில் ஒரு கை சட்டப் புத்தகத்தில் அந்த 175ஆம் பிரிவைக் கோடு போட்டு அடிப்பதைப் பார்த்தோம். ஜெர்மனியில் அது உண்மையிலேயே முற்றாக நீங்க 1994 ஆயிற்று. அதை அறிந்ததும் எழுந்து நின்று கைதட்டிய பெரியவருக்கும், மகனோடு வந்து கடைசி வரை இருந்த அம்மாவுக்கும் நன்றி.

தமிழ் வசன வரிகள் வேண்டுவோர் கேளுங்கள், இலவசமாகத் தருகிறோம். திரையிட விரும்பினால் உடன் வந்து உதவவும் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
திரையிடல் குழுவின் சார்பில்