தபால் கார்டில் ஒரு மாடு

கண்ணு,

நீ போன தடவை வந்தபோது வைத்துவிட்டுப் போன படப் புத்தகத்தை இப்போதுதான் முழுசாகப் பார்த்து முடித்தேன். இங்கிலீஷில் இருந்ததையெல்லாம் உன் தம்பி ராத்திரி ராத்திரி உட்கார்ந்து வாசித்துச் சொன்னான். சார்லஸ் ரஸ்ஸல் என்று அமெரிக்காவில் ஓர் ஓவியர் இருந்ததே இத்தனை வயசு வரைக்கும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு அந்தச் சின்ன மாட்டுப் படத்தைத் தாண்டிப் போகவே மனசு வரவில்லை. 1886-87 குளிர்காலம். அமெரிக்காவின் மேற்கே மொன்டானா மாநிலத்தில் பனி மூடி, மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. மந்தை எப்படி இருக்கிறது என்று முதலாளி கடிதம் போட்டுக் கேட்கிறார், பண்ணையைப் பார்த்துக்கொண்டவருக்கு என்ன பதில் எழுதுவதென்றே தெரியவில்லை, கூட இருந்த ரஸ்ஸல் தபால் கார்டு அளவில் ஒரு மாட்டை வரைந்து கொடுக்கிறார். அந்தப் படமே பதிலாகப் போயிற்று. மலையிலிருந்து சினூக் என்கிற வெப்பக் காற்று இறங்கினால் பனி உருகுமாம், அதற்காகத்தான் மாடு காத்து நிற்கிறது. ஓநாய்கள் மாட்டுக்காகக் காத்திருக்கின்றன.

விலா எலும்பை எண்ணிவிடலாம். தலை தொங்கி, முதுகு கூனி, காலை அகட்டி நிற்கிறது. நம் மேய்ச்சல் நிலமான கொறங்காடு காய்ந்து, சோளத்தட்டும் தீர்ந்துபோன வருஷம் நம் பட்டியிலும் மாடு இப்படித்தான் நின்றது, படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று அதற்கே தெரிந்த மாதிரி. மாட்டோடு கிடந்தவருக்குத்தான் அந்த நிற்பு கைவரும். அவர் ஓவியப் பள்ளியில் உட்கார்ந்து கற்றவர் இல்லை. ஜேக் ஹூவர் என்ற வேட்டைக்காரரோடு ரெண்டு வருஷம் மலையில் இருந்து காட்டு மிருகங்களைப் பக்கத்தில் பார்த்தார், அப்புறம் 1882இலிருந்து ஜூடித் பள்ளத்தாக்கில் மந்தைக்கு ராக்காவல். ராத்திரி வேலை என்பதால் பகலெல்லாம் படம் போட்டார். பின்னாளில், 1912இல், மொன்டானா சட்டசபைக்கு 25 அடி நீளத்தில் ஒன்று வரைந்தார், அதற்காகத் தன் மரக் குடிலின் கூரையையே உயர்த்த வேண்டி வந்ததாம்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. செயின்ட் லூயிஸில் வசதியான குடும்பம் அவருடையது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, மேற்கே போக வேண்டும் என்பதே பேச்சு. 1880இல், 16 வயசில், அவரை மொன்டானாவுக்கு அனுப்பி வைத்தார்கள். தம்பி இதை வாசித்தபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீ பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஓவியக் கல்லூரிக்கு வாங்கி வந்த விண்ணப்பத்தை நான் பீரோவில் பூட்டி வைத்து, கடைசித் தேதி போன பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு, கண்ணு. சோற்றுக்கு என்ன செய்வாய் என்கிற பயம்தான், வேறொன்றும் இல்லை.

தீவனக் கடை ரசீதின் பின்பக்கம் நீ எட்டு வயசில் வரைந்த காளை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திமில் கொஞ்சம் முன்னால் போய்விட்டது, ஆனால் பார்வை காங்கயம் காளையின் பார்வையேதான்.

வெள்ளச்சி போன வெள்ளிக்கிழமை கன்று போட்டிருக்கிறது. போட்டோ கேட்டாய், நான் அனுப்பப் போவதில்லை. இப்போது நல்ல செவலை, ஆறு மாசத்தில் சாம்பல் நிறம் திரும்பிவிடும். அதற்குள் வா, வந்து நீயே வரை. பெயிண்ட் எது வாங்கி வைக்க வேண்டும் என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிடு.

உன் அப்பா