சார்ஜென்ட்டை ஆபீசர் ஆக்காதீர்கள்: தமிழில் போர் வரலாறு சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதுகிற, காணொளி போடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய காணொளிகளைத் தவறாமல் கேட்பவள் நான். இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது காதில் ஓடுவது உங்கள் குரல்தான். சொந்த ஊர் நாகர்கோவில். இப்போது இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. இந்த வட்டாரம் முழுக்க அந்தக் காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய இடம்.

ஒரு குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். விமானம் ஓட்டியவர் யாராக இருந்தாலும் நீங்கள் "விமானப்படை அதிகாரி" என்று சொல்லிவிடுகிறீர்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் அன்றைக்கு விமானம் ஓட்டியவர்களில் ஏராளமானோர் அதிகாரிகளே கிடையாது. அரசரின் ஆணைப்பத்திரம் வாங்கியவர்தான் ஆபீசர். அது இல்லாமல் அதே விமானத்தை அதே வானத்தில் ஓட்டியவர் சார்ஜென்ட். நம் ஊரில் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்து சார்ஜென்ட்டாகவோ வாரண்ட் ஆபீசராகவோ (பெயரில் ஆபீசர் இருந்தாலும் அதுவும் ஆணைப்பத்திரம் இல்லாத பதவிதான்) ஓய்வு பெற்றவர் யாரிடமாவது கேளுங்கள், இந்த வித்தியாசம் வாழ்க்கையில் என்னவெல்லாம் செய்யும் என்று அவர் சொல்வார்.

நானும் அதே தப்பைச் செய்தவள்தான். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அப்போதே தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடம் போனில் பேசும்போது "இங்க ஒரு ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் தாத்தா இருக்கார்மா" என்று சொன்னேன். தமிழ் புரியாவிட்டாலும் ஆபீசர் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்தபடியே கையை உயர்த்தி, "சார்ஜென்ட்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் அலமாரியைத் திறக்கச் சொல்லித் தன்னுடைய பழைய விமானப்படைச் சீருடைக் கோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

நீலமும் சாம்பலும் கலந்த நிறம். முரட்டுக் கம்பளித் துணி, கழுத்துப் பக்கம் அரிக்கும் என்றார். ஆபீசர்கள் தங்களுக்கென்று தையற்காரரிடம் நல்ல துணியில் தைத்துக்கொள்வார்கள், இவர்களுக்கு ஸ்டோரில் கொடுப்பதுதான். இடது மார்புப் பையின் மேலே பைலட்டின் இரட்டைச் சிறகு. அது மட்டும் ஆபீசருக்கும் சார்ஜென்ட்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் கையில் இருந்தது. ஆபீசருக்கு மணிக்கட்டைச் சுற்றிக் கோடுகள், சார்ஜென்ட்டுக்கு மேல்கையில் 'வி' போல மூன்று பட்டைகள். அந்தப் பட்டைகளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பட்டையைச் சுற்றிலும் வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். துணியும் அந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கொஞ்சம் கருத்திருந்தது.

அந்த வட்டத்துக்கு ஒரு கதை இருக்கிறது, தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போர் முடிந்ததும் 1946-ல் விமானப்படை, ஆபீசர் அல்லாத விமானிகளுக்கென்று தனிப் பதவி வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. பைலட் 4, 3, 2, 1, அதற்கு மேல் மாஸ்டர் பைலட். பட்டைகளைப் பிரித்துவிட்டு லாரல் இலை மாலை வட்டத்துக்குள் நட்சத்திரங்கள் வைத்த சின்னத்தைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. நேற்றுவரை சார்ஜென்ட் என்று ஊருக்கே தெரிந்த மனிதன் திடீரென்று "பைலட் 2" ஆனால் மற்ற படைக்காரனுக்கு என்ன புரியும்? 1950-ல் அதைக் கைவிட்டார்கள், மாஸ்டர் பைலட் மட்டும் தங்கியது. இவருடைய மனைவிதான் பட்டையைப் பிரித்து மாலையைத் தைத்தது, நாலு வருடம் கழித்து மாலையைப் பிரித்து மறுபடி பட்டையைத் தைத்ததும் அவர்தான். அதைச் சொல்லும்போது பெரியவருக்குக் கண் கலங்கியது. போரைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் கலங்காத மனிதர்.

பெரியவர் ஓட்டியது லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம், அதில் ஏழு பேர். ஓட்டுபவர்தான் கேப்டன், அவர் சார்ஜென்ட்டாக இருந்தாலும் சரி. இவருடைய நேவிகேட்டர், அதாவது வரைபடம் பார்த்து வழி சொல்பவர், ஆபீசர். மேலே இருக்கும்வரை இவர் சொல்வதை அவர் கேட்க வேண்டும், இறங்கியதும் அவருக்கு இவர் சல்யூட் வைக்க வேண்டும். அப்புறம் அவர் ஆபீசர்ஸ் மெஸ்ஸுக்கு, இவர் சார்ஜென்ட்ஸ் மெஸ்ஸுக்கு. விடுமுறைக்கு ஒரே ரயிலில் கிளம்பினாலும் அவருக்கு முதல் வகுப்பு, இவருக்கு மூன்றாம் வகுப்பு. ராத்திரி முழுக்க ஒரே உயிராக இருந்துவிட்டுக் காலையில் தனித்தனி மேசையில் முட்டை தின்றோம் என்பார்.

பதக்கத்திலும் அப்படித்தான். ஒரே மாதிரி வீரத்துக்கு ஆபீசருக்கு ஃபிளையிங் கிராஸ், சார்ஜென்ட்டுக்கு ஃபிளையிங் மெடல். 1918-ல் வந்த இந்தப் பிரிவினை 1993 வரை நீடித்தது. வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸுக்கு மட்டும் அந்த வேறுபாடு இல்லை. நியூசிலாந்துக்காரர் ஜேம்ஸ் வார்ட் அதை வாங்கியபோது சார்ஜென்ட், அதுவும் இரண்டாம் பைலட். 1941 ஜூலை 7 இரவு ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் குண்டு வீசிவிட்டுத் திரும்பும்போது அவர்களுடைய வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் வலது இறக்கையில் தீப்பிடித்தது. உயரம் 13,000 அடி. ரப்பர் படகின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மேல் திறப்பு வழியாக வெளியே ஏறி, இறக்கை மேல் போர்த்தியிருந்த துணியைக் காலால் உதைத்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டையிலேயே கால் வைத்து நகர்ந்து போய் ஒரு தடித்த துணியால் தீயை அமுக்கினார். பள்ளி ஆசிரியராகப் படித்தவர். இரண்டு மாதம் கழித்து ஹாம்பர்க் மேலே இறந்தார், வயது 22. இவரை ஒரு தமிழ்ப் பதிவில் "அதிகாரி வார்ட்" என்று கேட்டபோதுதான் இந்த மடலை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. 1940-ல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் 17 விமானங்களை வீழ்த்திய செக் நாட்டுக்காரர் யோசெஃப் ஃபிரான்டிஷெக்கும் சார்ஜென்ட்தான். ஆபீசர் என்று சொன்னால் மரியாதை கூடும் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் சம்பாதித்த பெயரைப் பிடுங்கிவிட்டு வேறொரு பெயரை மாட்டுவது எப்படி மரியாதையாகும்?

பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்ததாக அறியப்பட்ட பேடி ஹெமிங்வே 2025 மார்ச்சில், 105 வயதில் போய்விட்டார். இனி நேரில் கேட்க அந்தத் தலைமுறையில் ஆட்கள் மிகச் சிலரே. ஆகவே பதவியை இருந்தபடியே சொல்லுங்கள்: சார்ஜென்ட், பிளைட் சார்ஜென்ட், வாரண்ட் ஆபீசர். தமிழ் வாசகருக்கு இந்த வார்த்தைகள் புரியும். முகப்புப் படம் தேர்ந்தெடுக்கும்போது கையைப் பாருங்கள், மணிக்கட்டில் கோடா மேல்கையில் பட்டையா என்று. என்னைப் போல முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், அலமாரிக்குள் இன்னும் சில கோட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

பெரியவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கோட்டை மகன் எடுத்துப் போனார். போவதற்கு முன் அந்தக் கையை மட்டும் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார். ஊசித் துளைகள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. சார்ஜென்ட் பைலட்களைப் பற்றி யாராவது காணொளி செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், மகனிடம் கேட்டு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
லிங்கன்ஷயரிலிருந்து உங்கள் நேயர் ஒருத்தி