நாய் மாத்திரைய தயிர் சாதத்துல கலக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல செல்லப்பிராணி பகுதியில, நாய் மாத்திரை சாப்பிட அடம்பிடிச்சா பொடிச்சு தயிர் சாதத்துல பிசைஞ்சு வச்சிடலாம்னு ஒரு டிப்ஸ் போட்டிருந்தீங்க. எழுதினவங்க நாய் வளர்க்குறவங்களா இல்ல தயிர் சாதப் பிரியரான்னு தெரியல. எங்க ஊர்ப்பக்கம் வெயில் ஏற ஏற உண்ணியும் ஏறுது, தெருவுக்கு ஒரு நாயாவது காய்ச்சல்ல சுருண்டு கிடக்கு, இந்த நேரத்துல இப்படி ஒரு யோசனைய படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

உண்ணி கடிச்சு நாய்க்கு வர்ற இந்தக் காய்ச்சலுக்கு டாக்டருங்க பெரும்பாலும் எழுதுறது டாக்ஸிசைக்ளின்ங்கிற கிருமிக்கொல்லி மருந்து. நாயோட எடைய வச்சு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்குல, பொதுவா 28 நாள் கொடுக்கணும். இந்த மருந்துக்கும் பால் தயிருக்கும் ஆகாது, அதுல இருக்குற கால்சியம் மருந்த பிடிச்சு வச்சுக்கிறதால உடம்புல சேர்றது குறைஞ்சிரும். சரி தயிர விட்டுட்டு கறிச்சோத்துல கலந்தா என்னன்னு கேப்பாங்க, பாதி சோத்தோட நாய் எந்திரிச்சு போயிட்டா உள்ள போன மருந்து எவ்வளவுன்னு யாரு கணக்கு பாக்குறது? வயித்துப்போக்குக்கு எழுதுற மெட்ரோனிடசோல் மாதிரி மாத்திரைய பொடிச்சா இன்னும் மோசம், கசப்பு தாங்காம வாயெல்லாம் நுரை தள்ளும், வீட்டுல உள்ளவங்க விஷமாயிருச்சோன்னு பதறி மருந்தையே நிப்பாட்டிருவாங்க, நாயும் அந்தக் கசப்ப ஞாபகம் வச்சுக்கிட்டு மறுநாள் வெறும் சோத்தக்கூட மோந்து பாத்துட்டு போயிரும். மேல பூச்சு போட்ட மாத்திரை சிலது இருக்கு, டாக்டர கேக்காம அத பொடிக்கவே கூடாது.

எங்க மணி சிப்பிப்பாறை நாய். ஈரல் துண்டுக்குள்ள கேப்சூல சொருகிக் குடுத்தா ஈரல முழுங்கிட்டு கேப்சூல மட்டும் கன்னத்துல ஒதுக்கிக்கும், நாம சமத்துன்னு தடவிக் குடுக்குற வரைக்கும் ஒண்ணுந்தெரியாத மாதிரி நிக்கும், அப்புறம் மெதுவா வாசல் தொட்டிக்குப் பின்னாடி போய் துப்பிட்டு வரும். எடுத்துப் பாத்தா கேப்சூல் ஊறி கொழகொழன்னு கிடக்கும், ஈரல் ஒரு பொட்டு ஒட்டியிருக்காது.

இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. காய்ச்சல் கடுமையா இருக்கப்ப நாய் எதையுமே திங்காது, அதனால தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற வேலையே நடக்காது, ஆனா தெம்பில்லாததால வாயத் திறந்து போட்டா எதுக்காது. ரெண்டு மூணு நாள்ல மருந்து கேக்க ஆரம்பிச்சதும் வாலாட்டும், சாப்பிடும், கூடவே மாத்திரை டப்பா சத்தம் கேட்டா கட்டிலுக்கடியில ஓடிரும். அதான் குணமாயிருச்சேன்னு மிச்ச அட்டைய அலமாரியில போட்டுருவாங்க. கிருமி முழுசா போயிருக்காது, திரும்ப வரும்போது ரத்தத்த உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைஞ்சு மூக்குல ரத்தம் வர்ற அளவுக்கு போயிரலாம்.

வாய்க்குள்ள கைய விட்டு மாத்திரை கொடுக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஆனா ஒருத்தர் செஞ்சு காட்டணும். நாய சுவத்து மூலையில உக்கார வச்சு பக்கவாட்டுல நின்னுக்கணும், நேருக்கு நேரா குனிஞ்சா பயப்படும். ஒரு கையால மேல் தாடைய மேலேருந்து பிடிக்கணும், கட்டை விரல் ஒரு பக்க கோரைப்பல்லுக்குப் பின்னாடியும் மத்த விரலு அந்தப் பக்கமும் இருக்கணும். இன்னொரு கையால கீழ்த்தாடைய இறக்கி, லேசா நெய் தடவுன கேப்சூல நாக்கு மேல, பின்னாடி தொண்டைப் பக்கமா நடு மத்தியில போட்டு வாய மூடி தொண்டைய தடவிக் குடுத்தா போதும், நாக்க நீட்டி மூக்க நக்குச்சுன்னா பெரும்பாலும் உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். நாக்கு நுனியில போட்டா துப்பத்தான் செய்யும். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி, கன்னத்து ஓரமா, மெதுவா. டாக்ஸிசைக்ளின் தொண்டைக்குழாயில ஒட்டி நின்னா புண்ணாக்கிரும், அதனால தண்ணியோ ரெண்டு வாய் சோறோ பின்னாடியே போகணும். மாட்டுக்கு மூங்கில் குழாயில ஊத்துற பழக்கத்துல சிலர் நாய் தலையையும் அண்ணாக்க பிடிச்சு ஊத்துறாங்க, அது நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆயிரும். உறுமுற, கடிக்க வர்ற நாய்கிட்ட இதெல்லாம் வேண்டாம், ஊசியாவோ சிரப்பாவோ தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பல்லு பட்டுருச்சுன்னா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிதான்.

யூடியூப்ல பீநட் பட்டர்ல வச்சு கொடுங்கன்னு வர்றதையும் அப்படியே எடுத்துக்காதீங்க, சர்க்கரையில்லாத வகை சிலதுல சைலிடால்ங்கிற இனிப்பூட்டி இருக்கும், நாய்க்கு அது விஷம். நாய் மருந்து ஏத்துக்கலன்னு வீட்டுல கிடக்குற மனுச வலி, காய்ச்சல் மாத்திரைங்களான பாராசிட்டமால், புரூஃபென், டைக்ளோஃபெனாக்க கொடுக்கிறதும் நடக்குது. புரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாய்க்கு குடல்ல புண்ணாக்கி கிட்னியக் கெடுக்கும், பாராசிட்டமால் அளவு தாண்டுனா ஈரல் போயிரும், பூனைக்கு ஒரு மாத்திரையே எமன். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டுப் பிணத்த தின்னு பாறு கழுகு அழிஞ்சதுனால 2006லயே கால்நடைக்கு அத தடை பண்ணாங்க, ஆனா மனுசனுக்கு விக்கிறது மெடிக்கல்ல தாராளமா கிடைக்குதே.

டாக்டருங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். கால்நடை ஆஸ்பத்திரியில கூட்டம் எப்படின்னு எங்களுக்கும் தெரியும், ஆனா முதல் வேளை மாத்திரைய அங்கயே, வளர்க்குறவங்க கையாலயே போட வச்சு அனுப்புனா ரெண்டு நிமிஷம்தான் ஆகும். சீட்டுல பால் தயிரோட வேண்டாம், பொடிக்க வேண்டாம்னு தமிழ்ல எழுதிக் கொடுத்தா இன்னும் நல்லது.

உங்க திருத்தத்த ஆறாம் பக்கத்து மூலையில பொடி எழுத்துல போடாம, அந்த டிப்ஸ் வந்த அதே இடத்துல, அதே அளவுல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம்.