குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சாக்கடை தூர்வாருதல், தெருவிளக்கு, கொசு மருந்து ஆகிய பணிகள், மனு கொடுத்து, நினைவூட்டி, பிறகு நேரில் போய் நின்று, வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாலை நேரக் கணக்கு வகுப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 முதல் பள்ளியிலேயே நடக்கிறது. எனவே புதிதாக எதையும் கற்பிக்காமல் பயிற்சி மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தோம். பக்கம் முழுக்கக் கூட்டல் என்றால் பிள்ளைகள் சரியாகப் போட்டார்கள். முழுக்கக் கழித்தல் என்றாலும் சரிதான். இரண்டையும் கலந்து கொடுத்ததும் தடுமாறினார்கள். முதல் கணக்கு கூட்டல் என்றால் கடைசி வரை கூட்டல்தான். குறியைப் பார்ப்பதே இல்லை. அதனால் எண்ணைத் தொடுமுன் குறியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கழித்தல் குறியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட வேண்டும் என்று வைத்தோம். வேகப் போட்டியை நிறுத்திவிட்டோம். அவசரத்தில் முதலில் காணாமல் போவது குறிதான்.

12 – 4 + 3 என்பது இன்னொரு தொல்லை. நான்கையும் மூன்றையும் முதலில் கூட்டி, விடை 5 என்று எழுதினார்கள். நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஒரு சிறுமியின் கையில் விசிலைக் கொடுத்து பஸ் ஓட்டினோம். பன்னிரண்டு பேரில் நால்வர் இறங்கினார்கள், மூவர் ஏறினார்கள். “பதினொன்று, போலாம் ரைட்!” என்றாள் கண்டக்டர். ஏறியவர்களையும் சேர்த்து இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை.

52 – 37-க்கு 25 என்று எழுதியவர்களுக்கு ஈர்க்குச்சிகள் உதவின. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள். இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாதபோது ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுப்பாடம் போதவில்லை என்று பெற்றோர் சிலருக்கு மனக்குறை உண்டு. ஒரே மாதிரியான ஐம்பது கணக்குகளைவிடக் கலந்து கொடுத்த பத்து மேல் என்பது என் கருத்து. பொதுக்குழு வேறு விதமாக முடிவெடுத்தால் கட்டுப்படுகிறேன்.

வரும் ஆண்டுக்கு ஒரு கரும்பலகையும் இரண்டு பாய்களும் வாங்க ஒப்புதல் கோருகிறேன். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார விருப்பமுள்ள உறுப்பினர்கள், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்